திரையில் தெரிவதும் கோப்பில் இல்லாததும்

புது தில்லி: மத்திய அரசின் அமைச்சகங்களில் இன்று ஆய்வுக் கூட்டம் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம், தலைமை வகிப்பவர் வந்து அமர்வது அல்ல; சுவரில் உள்ள திரையில் வெளிச்சம் விழுவதுதான். சாஸ்திரி பவன், கிருஷி பவன் போன்ற பழைய கட்டடங்களானாலும், 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட கர்த்தவ்ய பவன் ஆனாலும் இதில் வேறுபாடு இல்லை. ஒரு திட்டத்தின் நோக்கம், செலவு, முன்னேற்றம், தடை ஆகிய அனைத்தும் சில ஸ்லைடுகளாகச் சுருங்கி, ஒன்றன் பின் ஒன்றாகத் திரையில் தோன்றி மறைகின்றன.

இத்தகைய திரை விளக்கங்களைத் தயாரிப்பதும் நிகழ்த்துவதும் ஒரு காலத்தில் விற்பனைப் பிரதிநிதிகளின் திறமையாகக் கருதப்பட்டன. இன்று பிரிவு அதிகாரி முதல் துறைச் செயலர் வரை, பள்ளி மாணவர் முதல் கட்சித் தலைவர் வரை அனைவருக்கும் அது தேவைப்படுகிறது. ஆனால், அதைக் கற்பிக்கும் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் பொத்தான்களைப் பற்றிப் பேசுகின்றன. பொறுப்பைப் பற்றிப் பேசுவதில்லை. அரசின் முடிவுகளும் அரசியல் குற்றச்சாட்டுகளும் ஸ்லைடுகளின் வழியாகவே மக்களை வந்தடையும் காலத்தில் இந்தக் குறையை அலட்சியப்படுத்த இயலாது.

விற்பனை அறையில் பிறந்தது

'பவர்பாயின்ட்' மென்பொருளின் வரலாறு அதன் இயல்பையும் சொல்லிவிடுகிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இருந்த ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனத்தில், 1984-ஆம் ஆண்டு ராபர்ட் காஸ்கின்ஸ் என்பவர் முன்வைத்த யோசனை அது. டென்னிஸ் ஆஸ்டின் உள்ளிட்டோர் அதற்கு வடிவம் தந்தனர். 'பிரசென்டர்' என்று முதலில் பெயரிடப்பட்டிருந்த அந்த மென்பொருள், 1987 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் கணினிகளுக்காக 'பவர்பாயின்ட்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஃபோர்தாட்டை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. விண்டோஸ் கணினிகளுக்கான பதிப்பு 1990-இல் வெளியானது.

முதல் பதிப்பு, திரையில் நேரடியாகப் படம் காட்டுவதற்கானது அல்ல. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்களைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுக்கொள்வதே அதன் பயன். கல்லூரி வகுப்பறைகளில் மேஜைமீது வைக்கப்பட்டிருந்த 'ஓவர்ஹெட் புரொஜெக்டர்' கருவியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அதற்கு முன்பெல்லாம் மேலாளர் எழுதிக் கொடுத்ததை, வரைபடம் வரையும் ஊழியர் ஒருவர் தாளில் வரைந்து தருவார். பேசுகிறவரே தமது படத்தைத் தாமே தயாரித்துக்கொள்ளலாம் என்ற வசதியை இம்மென்பொருள் அளித்தது. இடையில் நின்று, 'இந்த எண் சரிதானா?' என்று கேட்கக்கூடிய இன்னொருவர் அத்துடன் அகன்றார் என்பதையும் சேர்த்தே கணக்கில் கொள்ள வேண்டும்.

ஹைதராபாத் முதல் தலைநகர் வரை

இந்திய அரசியலில் திரை விளக்கத்துக்குத் தனி மதிப்பு ஏற்படுத்தியவர்களுள் முதன்மையானவர் சந்திரபாபு நாயுடு. ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தின் முதல்வராக இருந்த அவர், 1997-இல் தில்லியில் பில் கேட்ஸைச் சந்தித்தபோது தமது மடிக்கணினியில் ஸ்லைடுகளைக் காட்டி மாநிலத்தின் வாய்ப்புகளை விளக்கினார். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மேம்பாட்டு மையம் 1998-இல் ஹைதராபாதில் அமைந்தது.

2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம், தமது உரைகளில் ஸ்லைடுகளைத் தாராளமாகப் பயன்படுத்தினார். விஞ்ஞானிகளின் கருத்தரங்கிலிருந்து வந்த பழக்கத்தை அவர் அரசியல் சட்டப் பதவியின் மேடைக்குக் கொண்டுவந்தார். ஆயினும், அவரது உரைகள் முழு எழுத்து வடிவில் தொடர்ந்து வெளியிடப்பட்டன. ஸ்லைடைப் பார்க்காதவரும் அவர் சொன்னதைப் படித்துச் சீர்தூக்கிப் பார்க்க முடிந்தது.

2014 மே மாதம் பிரதமராகப் பொறுப்பேற்ற நரேந்திர மோடியின் ஆட்சியில், துறைச் செயலர்கள் தத்தம் துறையின் நிலையைத் திரை விளக்கமாக எடுத்துரைப்பது நடைமுறையாயிற்று. 2015 மார்ச் 25-ஆம் தேதி தொடங்கப்பட்ட 'பிரகதி' ஆய்வு முறையில், பிரதமர் மத்திய, மாநில அதிகாரிகளுடன் காணொலி வழியாகப் பேசுகிறார். தேங்கிக் கிடக்கும் திட்டங்களின் புள்ளிவிவரங்களும் வரைபடங்களும் திரையில் விரிகின்றன. 2016 ஜனவரியில் செயலர்களைக் கொண்ட எட்டுக் குழுக்கள் தங்கள் யோசனைகளைப் பிரதமர் முன் விளக்கின.

இதில் நன்மை இல்லை என்று எவரும் கூற முடியாது. ஒரு ரயில் பாதை எந்த இடத்தில் வன நிலத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதை நூறு பக்கக் கோப்பைவிட ஒரே ஒரு வரைபடம் தெளிவாகக் காட்டிவிடும். பல அமைச்சகங்களின் அதிகாரிகள் ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் பார்ப்பதால், 'அந்தக் கோப்பு எங்களிடம் வரவில்லை' என்று தட்டிக் கழிக்கவும் இடமிருக்காது. காட்டுவதற்கு ஸ்லைடு நல்ல கருவி. முடிவெடுப்பதற்கும் அது ஒன்றே போதும் என்று கருதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அவைக்குள் வந்த திரை

2016 மார்ச் 31-ஆம் தேதி தெலங்கானா சட்டப்பேரவையில் அன்றைய முதல்வர் கே. சந்திரசேகர ராவ், மாநிலத்தின் நீர்ப்பாசனத் திட்டங்களின் மறுவடிவமைப்பு குறித்துத் திரை விளக்கம் நிகழ்த்தினார். இது பேரவை மரபுக்கு முரணானது என்று கூறிக் காங்கிரஸ் உறுப்பினர்கள் அதைப் புறக்கணித்தனர். 2023 டிசம்பரில் ஆட்சி மாறியது. 2024 பிப்ரவரியில் காங்கிரஸ் அரசின் நீர்ப்பாசன அமைச்சர் உத்தம்குமார் ரெட்டி, கிருஷ்ணா நதித் திட்டங்கள் குறித்து அதே பேரவையில் திரை விளக்கம் அளித்தார். இருக்கைகள் இடம் மாறின, கருவி மாறவில்லை.

இதைக் கட்சிகளின் நிலைப்பாட்டு மாற்றம் என்று மட்டும் பார்த்தால் போதாது. சட்டப்பேரவையும் நாடாளுமன்றமும் சொல்லுக்கான அவைகள். உறுப்பினர் பேசுகிறார், இன்னொருவர் குறுக்கிட்டுக் கேட்கிறார், அமைச்சர் பதில் சொல்கிறார், எல்லாம் அவைக் குறிப்பில் ஏறுகின்றன. திரை ஒளிரும்போது விளக்குகள் மங்குகின்றன, கண்கள் ஒரே திசையில் திரும்புகின்றன, அடுத்த ஸ்லைடை எப்போது காட்டுவது என்பதை ஒருவரே தீர்மானிக்கிறார். குறுக்குக் கேள்விக்கு அதில் இயல்பான இடம் இல்லை. திரை விளக்கம் நிகழ்த்தக் கற்பவர் இந்தச் சமனின்மையை முதலில் உணர்ந்திருக்க வேண்டும்.

பாடத்திட்டம் சொல்வதும் சொல்லாததும்

ஸ்லைடு தயாரிப்பு இன்று நாடு முழுவதும் முறையான பாடம். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இயங்கும் 'நீலிட்' நிறுவனம் நடத்தும் 'சி.சி.சி.' என்ற அடிப்படைக் கணினிப் படிப்பு 80 மணி நேரம் கொண்டது. அதில் கட்டணமில்லாத லிப்ரே ஆபீஸ் தொகுப்பின் 'இம்ப்ரெஸ்' வழியாகத் திரை விளக்கம் கற்பிக்கப்படுகிறது. உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களில் சில அரசுப் பணிகளுக்கு இச்சான்றிதழ் தகுதியாகக் கேட்கப்படுகிறது. சி.பி.எஸ்.இ. வாரியத்தின் 9-ஆம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் 'டிஜிட்டல் பிரசென்டேஷன்' என்ற பகுதி உண்டு. 2018-இல் புதுப்பிக்கப்பட்ட தமிழகத்தின் 11-ஆம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலும் 'ஓப்பன் ஆபீஸ் இம்ப்ரெஸ்' பற்றித் தனிப் பாடம் கொண்டுள்ளது.

இப்பாடங்களில் புதிய ஸ்லைடைச் சேர்ப்பது எப்படி, வார்ப்புருவைத் தேர்ந்தெடுப்பது எப்படி, படத்தையும் அட்டவணையையும் செருகுவது எப்படி, ஒரு ஸ்லைடிலிருந்து மற்றொன்றுக்கு நகரும் விதத்தை மாற்றுவது எப்படி என்பன வரிசையாக இடம்பெறுகின்றன. இவை தேவைதான், ஓரிரு வாரங்களில் யாரும் பழகிக்கொள்ளக் கூடியவையும்கூட. ஆனால், எழுத்தைச் சுழல விடுவது எப்படி என்று தேர்வில் எழுதும் மாணவர், சுழல விடாமல் இருப்பது ஏன் நல்லது என்பதைப் பெரும்பாலும் அறியாமலே சான்றிதழ் பெற்றுவிடுகிறார்.

உண்மையில் கற்க வேண்டியது கணினியைத் திறப்பதற்கு முன்பே தொடங்குகிறது. கேட்பவர் யார், அவருக்கு ஏற்கெனவே தெரிந்தது என்ன, பேசி முடித்தபின் அவர் எதைத் தீர்மானிக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரு தாளில் விடை எழுதிக்கொள்ள வேண்டும். சொல்ல வந்ததை ஒரே வாக்கியத்தில் எழுத முடியாதவருக்கு முப்பது ஸ்லைடுகளும் உதவ மாட்டா.

அடுத்தது தலைப்பு. 'குடிநீர்த் திட்டம் - நிலை அறிக்கை' என்ற தலைப்பு எதையும் சொல்வதில்லை. எடுத்துக்காட்டாக, 'நிலம் கிடைக்காததால் 40 கிராமங்களில் பணி தொடங்கவில்லை' என்று எழுதினால் அது செய்தி. ஸ்லைடின் தலைப்பு முழு வாக்கியமாக இருந்தால், அதை எழுதுகிறவர் ஒரு கருத்தை முன்வைத்தே ஆக வேண்டும். கேட்பவரும் அதை ஏற்கவோ மறுக்கவோ இயலும். ஒரு ஸ்லைடுக்கு ஒரு கருத்து என்ற விதியும் இதிலிருந்தே பிறக்கிறது.

புள்ளி வைத்துத் துண்டு துண்டாக எழுதும் முறையில் மறைந்துபோகும் சொற்களையும் கவனிக்க வேண்டும். 'ஆகையால்', 'ஆனால்', 'இருப்பினும்', 'அவ்வாறு இல்லாவிட்டால்' போன்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. ஒரு முடிவுக்கான காரணம் அச்சொற்களில்தான் தங்கியிருக்கிறது. 'ஒப்பந்தம் - தாமதம்', 'செலவு - உயர்வு' என்று இரு வரிகள் அடுத்தடுத்து நிற்கும்போது, தாமதத்தால் செலவு உயர்ந்ததா, செலவு உயர்ந்ததால் தாமதமானதா, இரண்டுக்கும் யார் பொறுப்பு என்பது புலப்படுவதில்லை. எழுவாய் இல்லாத வாக்கியம் பொறுப்பேற்க ஆளில்லாத வாக்கியமாகவும் ஆகிவிடுகிறது.

எண்கள் ஏமாற்றும் விதம்

வரைபடங்களில் நேரும் பிழைகள் இன்னும் ஆபத்தானவை. ஒரு திட்டத்தின் பயனாளிகள் 50 லட்சத்திலிருந்து 52 லட்சமாக உயர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். உயர்வு 4 சதவீதம். செங்குத்து அச்சைச் சுழியத்திலிருந்து தொடங்காமல் 49 லட்சத்திலிருந்து தொடங்கினால், இரண்டாவது பட்டை முதல் பட்டையைப் போல மூன்று மடங்கு உயரமாக நிற்கும். எழுதப்பட்ட எண் உண்மை. கண்ணில் பதியும் படம் பொய்.

மத்திய பட்ஜெட்டில் ஒரே செலவினத்துக்கு மூன்று வகை எண்கள் உண்டு: ஆண்டுத் தொடக்கத்தின் பட்ஜெட் மதிப்பீடு, இடையில் மாற்றப்படும் திருத்திய மதிப்பீடு, ஆண்டு முடிந்தபின் தெரியவரும் உண்மைச் செலவு. ஓர் ஆண்டின் உண்மைச் செலவை அடுத்த ஆண்டின் பட்ஜெட் மதிப்பீட்டுடன் ஒப்பிட்டு 'ஒதுக்கீடு உயர்ந்தது' என்று காட்டுவது எளிது. விலைவாசி உயர்வைக் கழித்த கணக்கா, கழிக்காத கணக்கா என்பதைச் சொல்லாமல் விடுவதும் எளிது. ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் ஆண்டு, அலகு, எண் கிடைத்த இடம் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் குறிப்பிடுவது இத்தகைய குழப்பங்களைப் பெருமளவு தவிர்க்கும்.

எழுத்துருவும் சிறிய விஷயம் அல்ல. யூனிகோடு முறை பரவுவதற்கு முன் ஹிந்தியில் 'க்ருதி தேவ்', தமிழில் 'பாமினி' போன்ற எழுத்துருக்களில் தயாரித்த ஸ்லைடுகள், வேறு கணினியில் திறந்ததும் புரியாத குறிகளாகச் சிதறின. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை அங்கீகரித்தது. இன்றும் பழைய எழுத்துருவில் தயாரித்துவிட்டுக் கூட்ட அறையில் திகைப்பவர்கள் உண்டு. யூனிகோடில் எழுதுவதும், கையோடு ஒரு பி.டி.எஃப். நகல் வைத்திருப்பதும் இதற்குத் தீர்வு.

நிகழ்த்துவதில் முதன்மையான விதி, திரையைப் படிக்காமல் இருப்பது. எழுதியதை அப்படியே வாசிப்பவரைவிட வேகமாக அவையினர் கண்ணால் படித்து முடித்துவிடுவார்கள். அதன்பின் அவர் பேசுவது யார் காதிலும் விழாது. விரிவான செய்திகளைப் பேச்சாளர் குறிப்பாக வைத்துக்கொள்ளும் வசதி மென்பொருளிலேயே உள்ளது. விளக்கத்தின் நடுவே விவாதம் எழுந்தால், விசைப் பலகையில் ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்தான 'பி'யை அழுத்தித் திரையை இருளாக்கிவிட்டு, முகம் பார்த்துப் பதில் சொல்வதே முறை. கடைசி வரிசையில் அமர்ந்து எழுத்துகள் தெரிகின்றனவா என்று முன்கூட்டியே பார்ப்பதும், கடிகாரம் வைத்து ஒரு முறை பேசிப் பார்ப்பதும் பத்து வகை அலங்காரங்களைவிடப் பயன் தரும்.

கொலம்பியா தந்த பாடம்

மோசமான ஸ்லைடு நேரத்தை வீணாக்கும் என்று மட்டுமே பலரும் எண்ணுகின்றனர். ஹரியாணாவின் கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லாவின் பெயரோடு பிணைந்த ஒரு சோகம் வேறு விதமாகச் சொல்கிறது.

2003 ஜனவரி 16-ஆம் தேதி கொலம்பியா விண்வெளி ஓடம் புறப்பட்டபோது, எரிபொருள் கலத்திலிருந்து பிரிந்த நுரைத் துண்டு ஒன்று அதன் இடது இறக்கையைத் தாக்கியது. ஓடம் விண்ணில் இருந்த நாள்களில் பொறியாளர்கள் இது குறித்து ஆராய்ந்து, தங்கள் முடிவுகளை நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளாகக் காட்டினர். அவற்றுள் ஒரு ஸ்லைடின் தலைப்பு நம்பிக்கையூட்டுவதாக இருந்தது. முந்தைய சோதனைகளில் பயன்படுத்திய துண்டின் அளவு 3 கன அங்குலம். இறக்கையைத் தாக்கியதன் மதிப்பிடப்பட்ட அளவோ 1,920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு பெரியது. பழைய சோதனை இதற்குப் பொருந்தாது என்று உணர்த்த வேண்டிய அச்செய்தி, ஸ்லைடின் அடியில், உட்பிரிவுக்குள் உட்பிரிவாகச் சிறிய எழுத்தில் கிடந்தது.

பிப்ரவரி 1-ஆம் தேதி பூமிக்குத் திரும்பும் வழியில் ஓடம் சிதறியது. கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேரும் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான விசாரணை வாரியத்தின் அறிக்கை, தொழில்நுட்பக் கட்டுரைகளுக்குப் பதிலாக ஸ்லைடுகளையே நம்பியிருக்கும் பழக்கத்தை நாசாவின் குறைகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டது. அந்த ஸ்லைடைப் படிக்கும் உயர் அதிகாரி, அது உயிராபத்தைப் பற்றியது என்பதை உணராமல் போவது எளிது என்றும் கூறியது. விபத்துக்கு ஸ்லைடு காரணம் அல்ல. எச்சரிக்கை போய்ச் சேராததற்கு அதற்கும் பங்கு உண்டு. தரவு வடிவமைப்பு அறிஞர் எட்வர்ட் டஃப்டி இதை விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளார்.

அமேசான் நிறுவனத் தலைவர் ஜெஃப் பெஸோஸ் 2004-இல் தமது மூத்த அதிகாரிகளின் கூட்டங்களில் ஸ்லைடுகளைத் தவிர்த்து, முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்புகளைக் கொண்டுவரச் சொன்னார். ஆறு பக்கத்துக்கு மிகாத குறிப்பை அனைவரும் மௌனமாகப் படித்த பிறகே அங்கு விவாதம் தொடங்கியது.

பச்சைத் தாளின் பெருமை

எழுதிய குறிப்பைப் படித்து முடிவெடுக்கும் வழக்கத்தை இந்திய ஆட்சி இயந்திரம் வெளியிலிருந்து கற்க வேண்டியதில்லை. அரசுக் கோப்பின் பச்சை நிறக் குறிப்புத் தாள் அதற்காகவே ஏற்பட்டது. பிரிவு அதிகாரி எண்ணிட்ட பத்திகளில் எழுதுகிறார், சார்புச் செயலர் அதற்குக் கீழே தம் கருத்தைச் சேர்க்கிறார், மேலதிகாரி மாறுபடுகிறார், ஒவ்வொருவரும் கையெழுத்தும் தேதியும் இடுகிறார்கள். ஒரு முடிவை யார் பரிந்துரைத்தார், யார் எதிர்த்தார், எதிர்ப்பு எக்காரணத்தால் நிராகரிக்கப்பட்டது என்பதை ஆண்டுகள் கடந்தும் அறியலாம். தாள் கோப்பு 'இ-ஆபீஸ்' என்ற மின்கோப்பாக மாறிய பின்பும் இந்த முறை தொடர்கிறது.

கோப்புக் குறிப்புகளின் மதிப்பை அரசே ஒருமுறை உணர்த்தியது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் நடைமுறைக்கு வந்த மறு ஆண்டே, கோப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவற்றை அதன் வரம்பிலிருந்து விலக்கத் திருத்தம் கொண்டுவர மத்திய அமைச்சரவை முனைந்தது. நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. மறைக்க விரும்பும் அளவுக்கு அக்குறிப்புகளில் உண்மை இருந்தது என்பதே அதன் பொருள்.

திரை விளக்கம் கோப்பை ஒழித்துவிடவில்லை. அமைச்சரவைக்கு இன்றும் எழுத்துக் குறிப்புதான் செல்கிறது. ஆயினும், ஓர் ஆய்வுக் கூட்டத்தில் திரையைப் பார்த்தபடியே மனங்கள் முடிவுக்கு வந்துவிட்டால், பிறகு எழுதப்படும் கோப்பு அம்முடிவுக்கு மேலொப்பமாகச் சுருங்கிவிடும். வாய்மொழியாகச் சொன்ன காரணம் காற்றோடு போகும். ஸ்லைடில் உள்ள நான்கு சொற்கள் மட்டும் எஞ்சும்.

ஸ்லைடுகளும் சட்டத்தின் பார்வையில் ஆவணங்களே என்பது பலருக்கும் தெரிவதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2-ஆவது பிரிவு, மின்னணு வடிவில் உள்ள தரவுகளையும் கணினி வழி உருவான பொருள்களையும் 'தகவல்', 'பதிவேடு' என்ற சொற்களுக்குள் அடக்குகிறது. முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது தொடர்புடைய உண்மைகள் அனைத்தையும் வெளியிட வேண்டும் என்றும், பாதிக்கப்படுவோருக்கு முடிவின் காரணங்களைத் தெரிவிக்க வேண்டும் என்றும் 4-ஆவது பிரிவு கூறுகிறது. சட்டம் கேட்பது காரணங்களை. ஸ்லைடில் பெரும்பாலும் இருப்பது தலைப்புகள்.

குற்றச்சாட்டும் கையெழுத்தும்

திரைக்கும் கையெழுத்துக்கும் இடையிலான இந்த இடைவெளி 2025-இல் நாடறியும் அரசியல் விவாதமாயிற்று. ஆகஸ்ட் 7-ஆம் தேதி தில்லியில் மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தி நீண்ட திரை விளக்கம் ஒன்றை நிகழ்த்தினார். பெங்களூரு மத்தியத் தொகுதிக்கு உட்பட்ட மகாதேவபுரா சட்டப்பேரவைப் பகுதியில், 2024 மக்களவைத் தேர்தலில் 1,00,250 வாக்குகள் முறைகேடானவை என்பது அவரது குற்றச்சாட்டு. இரட்டைப் பதிவுகள், போலி முகவரிகள் என ஐந்து வகைகளாகப் பிரித்து அவர் எண்களை அடுக்கினார்.

குற்றச்சாட்டை மறுத்த தேர்தல் ஆணையம், 1960-ஆம் ஆண்டின் வாக்காளர் பதிவு விதிகளின்படி உறுதிமொழியில் கையெழுத்திட்டுத் தருமாறு கேட்டது. பொதுவெளியில் தாம் சொல்வதையே உறுதிமொழியாகக் கொள்ளலாம் என்றும், காட்டியவை ஆணையத்தின் சொந்தத் தரவுகளே என்றும் ராகுல் பதிலளித்தார். ஏழு நாள்களுக்குள் உறுதிமொழிப் பத்திரம் அளிக்க வேண்டும், இல்லையேல் நாட்டிடம் மன்னிப்புக் கோர வேண்டும் என்று தலைமைத் தேர்தல் ஆணையர் ஞானேஷ் குமார் ஆகஸ்ட் 17-ஆம் தேதி கூறினார். கணினியால் தேடக்கூடிய வடிவில் வாக்காளர் பட்டியலைத் தர ஆணையம் மறுப்பது ஏன் என்று காங்கிரஸ் கேட்டது.

யார் பக்கம் நியாயம் என்பதில் வாசகர்கள் தத்தம் கருத்தைக் கொண்டிருப்பர். திரை விளக்கம் கற்பவர்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் இரு தரப்புக்கும் பொது. குற்றம் சாட்டும் ஸ்லைடுக்குப் பின்னால், பெயரோடு பொறுப்பேற்கும் ஓர் ஆவணம் இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்கும் தரவும், எவரும் எடுத்துப் பார்க்கும் வடிவில் திறந்திருக்க வேண்டும். இவற்றில் எது இல்லாவிட்டாலும் கேட்பவருக்கு மிஞ்சுவது நம்பிக்கையோ அவநம்பிக்கையோதான்; அறிவு அல்ல.

யாருடைய மொழியில்?

அமைச்சகத்தின் குளிரூட்டிய அறையைவிட, திரை விளக்கத்தால் அதிகம் பாதிக்கப்படும் இடம் ஒன்று உண்டு. 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, சுரங்கம், அனல் மின் நிலையம் போன்ற பெருந்திட்டங்களுக்கு அவை அமையவிருக்கும் இடத்திலோ அதன் அருகிலோ மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். அக்கூட்டம் நிறுவனப் பிரதிநிதியின் விளக்கத்தோடு தொடங்க வேண்டும் என்று அறிவிக்கையே கூறுகிறது. வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்க உரிமை உண்டு. கூட்டத்தின் முடிவில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் விளக்கிப் படித்துக் காட்ட வேண்டும்.

சத்தீஸ்கரிலோ ஒடிஸாவிலோ நிலத்தை இழக்கவிருக்கும் ஒரு விவசாயி, 'பி.எம். 10', 'மி.கி./லிட்டர்' என்ற குறியீடுகள் நிறைந்த ஆங்கில ஸ்லைடைப் பார்த்து என்ன கேள்வி கேட்பார்? அவரது கிணறு வற்றுமா, கரித்தூள் பயிரில் படியுமா, எத்தனை குடும்பங்கள் இடம்பெயர வேண்டும், ஊரின் வரைபடத்தில் எல்லைக் கோடு எங்கே செல்கிறது ஆகிய நான்கு செய்திகளை அவர் மொழியில், நான்கே ஸ்லைடுகளில் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லப் பயின்றிருப்பதே உண்மையான திறமை. புரியாமல் சொல்வதற்குத் திறமை தேவையில்லை. ஏற்கெனவே உள்ள அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டினாலே போதும்.

மொழிக்கும் உரிமைக்கும் உள்ள இத்தொடர்பை நீதிமன்றமும் கவனித்தது. 2020-இல் மேற்படி அறிவிக்கையின் புதிய வரைவு ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வெளியிடப்பட்டபோது, அதை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் வெளியிடுமாறு தில்லி உயர்நீதிமன்றம் ஜூன் 30-ஆம் தேதி உத்தரவிட்டது. மத்திய அரசு இதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. ஒரு வரைவுக்கே இத்தனை போராட்டம் என்றால், கிராமத்துத் திடலில் சில நிமிடங்களில் ஓடி மறையும் ஸ்லைடின் மொழியைக் கண்காணிப்பவர் யார்?

செய்யக்கூடியவை

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அரசுக் கூட்டத்தில் காட்டப்படும் ஒவ்வொரு திரை விளக்கத்தோடும் முழு வாக்கியங்களில் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு இணைக்கப்பட வேண்டும். தயாரித்தவர் பெயரும் தேதியும் அதில் இருக்க வேண்டும். இரண்டும் கோப்பில் சேர வேண்டும். முடிவு அறிவிக்கப்பட்டபின் அவை துறையின் இணையதளத்தில் வெளியாக வேண்டும். மக்கள் முன் காட்டப்படும் ஸ்லைடுகள் மக்கள் மொழியில் அமைந்து, அவற்றின் அச்சுப் பிரதி கூட்டத்துக்கு முன்பே கைக்குக் கிடைக்க வேண்டும்.

மத்தியத் தலைமைச் செயலகப் பணியாளர்களுக்குக் குறிப்பு எழுதும் கலையை முறையாகக் கற்பிக்கும் பயிற்சி நிறுவனம் தில்லியில் இயங்குகிறது. 2020-இல் அறிவிக்கப்பட்ட 'கர்மயோகி' திட்டத்தின் இணையதளம் வழியாகக் கணினிப் பயிற்சியும் அதிகாரிகளுக்கு எட்டுகிறது. குறிப்பு எழுதுவதை ஓரிடத்திலும் ஸ்லைடு செய்வதை வேறோரிடத்திலும் கற்பிப்பதற்குப் பதிலாக, முதலாவதை முடித்தவரே இரண்டாவதைத் தொடங்கலாம் என்று ஒழுங்கு செய்தால் பாதிச் சிக்கல் தீரும்.

பள்ளித் தேர்விலும் ஒரு சிறு மாற்றம் போதுமானது. எத்தனை வகை அசைவூட்டங்கள் உள்ளன என்று கேட்பதற்குப் பதிலாக, தவறான வரைபடம் ஒன்றைக் கொடுத்துப் பிழை கண்டுபிடிக்கச் சொல்லலாம். இன்று 9-ஆம் வகுப்பில் அதைக் கண்டுபிடிக்கும் மாணவி, நாளை தன் ஊரின் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து நின்று, 'அந்த மூன்றாவது ஸ்லைடை மறுபடியும் காட்டுங்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது?' என்று கேட்பார். திரை விளக்கத்தைக் கற்பிப்பதன் பயன், பேசுகிறவரைவிட அக்கேள்வியைக் கேட்பவரிடமே முழுமை பெறுகிறது.